சத்தம் வராத வீடு

பெரியவளுக்குச் சொந்தபந்தங்களிடையே ஒரு நல்ல பெயர் இருந்தது. அவள் வீட்டில் சத்தம் வராது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவளோ அவள் கணவரோ குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. குடும்பத்தில் எந்தத் தம்பதிக்குள் தகராறு வந்தாலும், சமாதானம் பேச உட்கார்ந்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது இவர்களிடம்தான். "அவங்களைப் பாருங்க. என்னிக்காவது ஒரு சொல் மேல போயிருக்கா?" என்பார்கள். அவள் கணவருக்குத் தங்கமான மனுஷன் என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். யாராவது முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால் பெரியவள் "அட, நீங்க வேற" என்று பேச்சை மாற்றுவாள். மாற்றிவிட்டு அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருப்பாள்.

அதனால்தான், சின்னவள் ஒரு பெட்டியோடு புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தபோது, அம்மா அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் அக்கா வீட்டுக்கு அனுப்பினாள்.

"கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்," என்றாள் அம்மா போனில். "நான் சொன்னா அவளுக்கு ஏறாது. குடும்பம்னா எப்படி நடத்தறதுன்னு கண்ணால பார்த்தாலாவது புத்தி வரும்."

"நாங்க என்னம்மா பெரிசா..."

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும் போல இரு, அது போதும்."

எப்பவும் போல இருப்பது எவ்வளவு பாடு என்பது பெரியவளுக்கு அடுத்த சில நாட்களில் தெரிந்தது.

அவள் கணவருக்கு லிப்ட் கம்பெனியில் மெக்கானிக் வேலை. குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். உறவுக்காரர்களுக்கு இது அலுக்காத வேடிக்கை. சின்னவளின் பெட்டியை அவர்தான் தோளில் வைத்து மேலே கொண்டுவந்தார். "வாம்மா" என்றார். "பெட்டியை எங்க வைக்க?" என்றார். வெளியூரில் படிக்கும் மகளின் அறையில் வைத்துவிட்டு, குளியலறையில் பாதி கழற்றிப் போட்டிருந்த குழாயைப் பார்க்கப் போய்விட்டார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

அதுவரைக்கும் அந்த வீட்டில் சேர்ந்து சாப்பிடும் வழக்கம் கிடையாது. அவர் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு செய்திகளின் முன்னால் உட்காருவார். பெரியவள் அதற்கு முன்பே சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டிருப்பாள். தங்கை வந்த முதல் ராத்திரி அவள் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். அவர் மேஜையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு மேஜைக்கே வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சு?" என்று பெரியவள் கேட்டாள். கேட்ட தொனி அவளுக்கே புதிதாக இருந்தது. விளம்பரத்தில் வரும் மனைவி கேட்பது போல இருந்தது.

"எப்பவும் போலத்தான்," என்றார் அவர்.

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் எப்பவும் போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவள் கேட்கும் முன்பே அவர் "வேலை எப்பவும் போல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். சின்னவள் குனிந்து சிரித்தாள். பெரியவளும் சிரித்து வைத்தாள்.

சின்னவளின் கணவன் டயர் கடை வைத்திருந்தான். வாய் ஓயாது. குடும்பத்தில் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் சொல்வார்கள், அவன் காதுபடவே. அவனும் சின்னவளும் தாங்களே விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். இந்தத் தடவை சண்டை, அவன் தன் அண்ணன் குடும்பத்தை ஆறு மாதம் தங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு வந்து இவளிடம் சேதி சொன்னதால்.

"தட்டெல்லாம் உடைஞ்சுதாமே, யார் போட்டது?" என்று பெரியவள் கேட்டாள்.

"நான்தான்."

"அவன் என்ன பண்ணினான்?"

"பொறுக்கினான். திட்டிக்கிட்டே பொறுக்கினான்."

பெரியவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னாள். "கோபம் வந்தா அந்த இடத்தை விட்டு நகர்ந்துடு. துணியை மடி, பாத்திரத்தைத் தேய், ஏதாவது ஒரு வேலையை எடு. கொஞ்ச நேரத்துல அது தானா அடங்கிடும்."

"அடங்கி எங்கக்கா போகும்?"

சின்னவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குதர்க்கம் அதிகம் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் இருவரும் பால்கனியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளு."

"மாமா உன்கிட்ட எதுவுமே கேக்க மாட்டேங்கறாரே."

"என்ன கேக்கணும்?"

"எதையாச்சும். ஏன் முகம் வாடியிருக்கு, எங்க போயிட்டு வந்தே, இந்தப் புடவை எப்ப வாங்கினே... எதையாச்சும். உப்பு எங்க இருக்குன்னு கேட்டாரு, பில் கட்டியாச்சான்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் வந்ததிலிருந்து ஒண்ணும் காதுல விழல. சண்டைன்னு நினைச்சேன். ஆனா நீங்க சண்டையும் போடலையே."

"அவர் சுபாவம் அது," என்றாள் பெரியவள். "போர்வையை இழுத்துப் பிடி, மடிப்பு கோணுது."

சின்னவள் இழுத்துப் பிடித்தாள். குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டிருந்தாள். அதனால்தான் அது பெரியவளை விடவில்லை.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறை அலமாரியை முழுக்க இறக்கி வேறு மாதிரி அடுக்கினாள். மறுநாள் டப்பா எது எங்கே என்று தெரியாமல் தானே திண்டாடிப் பழையபடி மாற்றினாள். ஜன்னல் திரையைத் துவைத்தாள். கணவர் வீட்டுக்குள் நுழையும்போது காலணியைக் கழற்றும் சத்தத்திலிருந்து, விளக்கை அணைக்கும் சத்தம் வரை கவனித்தாள். அவர் ஏதாவது கேட்கிறாரா என்று காத்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக்கு வேறு பிரேம் மாற்றினாள். அவர் அதை நேராகப் பார்த்து, "அந்த ரிமோட்டைக் கொஞ்சம் எடு" என்றார்.

பதினெட்டு வருஷமாக அவர் அப்படித்தான் இருந்தார். போன மாதம் வரைக்கும் அதற்கு அவள் வைத்திருந்த பெயர் நிம்மதி. அதே மனிதர், அதே நாற்காலி, அதே "எப்பவும் போலத்தான்." தங்கையின் ஒரு கேள்விக்குப் பிறகு எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல இருந்தது அவளுக்கு. ஏமாற்றியது யார் என்றுதான் பிடிபடவில்லை.

அவளுக்குச் செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருத்தமாக உறை செய்து அனுப்ப வேண்டும். பகல் வெளிச்சத்தில்தான் நிறம் சரியாகத் தெரியும் என்பதால் அவள் மேஜை ஜன்னலோரம். நிறம் பார்ப்பதில் அவளுக்குக் கண் தப்பாது என்று பெயர். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தப் பிரிவையே முதலாளி அவள் பொறுப்பில் விட்டிருந்தார். அந்த வாரம் அவள் அனுப்பிய முன்பல் திரும்பி வந்தது. "இதை மாட்டினா அந்தம்மா வேற யாரோட பல்லையோ கடன் வாங்கின மாதிரி இருக்காங்க" என்று டாக்டர் போனில் சொன்னாராம். கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். அவள் அதை மறுபடி செய்தாள். செய்யும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. தனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைக் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மகளிடம் அன்றே போனில் சொல்லியிருந்தாள். தங்கையிடம் அவள் வந்த மறுநாளே சொன்னாள். அவரிடம் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், அவர் கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். எதை வைத்துக் கேட்பார் என்று அவள் யோசிக்கவில்லை.

இதற்கிடையில் ரேடியோ தினமும் சாயங்காலம் சின்னவளுக்கு போன் செய்தான். அவள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். கதவு சாத்தி என்ன பிரயோஜனம், நாலு வீட்டுக்குக் கேட்கும். "உங்க அண்ணன்னா என் தலையில கட்டுவியா? நான் என்ன சத்திரமா நடத்தறேன்?" என்பாள். அந்தப் பக்கம் அவன் கத்துவது இங்கே சமையலறை வரைக்கும் வரும். பிறகு அழுவாள். பிறகு திடீரென்று, எதற்கென்று தெரியாமல், விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுபடி கத்துவாள்.

ஒரு நாள் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கியபோது, பெரியவளுக்கு நெஞ்சில் ஏதோ கசந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. புருஷனோடு வாழப் பிடிக்காமல் பெட்டியோடு வந்து நிற்கிறவளைப் பார்த்து, தான் பொறாமைப்படுகிறாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ரேடியோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. அண்ணன் வேலை போய் நிக்கிறான். நான் வராதேன்னா சொல்ல முடியும்?"

"சொல்ல வேணாம்," என்றாள் சின்னவள் உள்ளிருந்து. "என்னைக் கேட்டுட்டுச் சொல்லுன்னுதான் சொன்னேன்."

"கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்ல? அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே."

ஐந்து நிமிஷத்தில் கூடம் சந்தையாகிவிட்டது. பெரியவளின் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போனார். உள்ளே அவர் போன் அடித்தது போலவும் இருந்தது, அடிக்காதது போலவும் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"அவசரமாக் கூப்பிடறாங்க. போயிட்டு வந்துடறேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"பாத்தீங்களா, சகலை நைசா எஸ்கேப்," என்றான் ரேடியோ.

பெரியவளுக்கு முகம் எரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். அவர் போன் கட்டில் மேலேயே கிடந்தது. அவசரமாகக் கூப்பிட்டார்களா, இல்லை கிளம்ப ஒரு சாக்கா? இத்தனை வருஷத்தில் வீட்டில் கொஞ்சம் குரல் உயர்ந்தபோதெல்லாம் லிப்ட் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கிறது. அவள் அம்மா வந்து மூக்கைச் சிந்தும்போது மாட்டிக்கொள்ளும். மகள் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த நாளில் மாட்டிக்கொண்டது. நகரத்தில் இருக்கிற லிப்டெல்லாம் இவர் வீட்டு நிலவரம் பார்த்துத்தான் நிற்குமோ?

போனை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள். மேலே சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவள் போனதையே கவனிக்கவில்லை.

அவர் வேலை செய்யும் இடத்துக்கு அவள் பல வருஷங்களுக்கு முன் ஒரே ஒரு தடவை போயிருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், உட்கார இடமிருந்தும். கீழ்த்தளத்தில் பட்டறை. பல்சக்கரங்களும் இரும்புக் கயிற்றுச் சுருள்களும் கிடந்தன. கை முழுக்க கிரீஸோடு ஒருவர் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். கணவரை அடையாளம் சொல்லி, எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று கேட்டாள்.

"அவர் எங்கேயும் போக மாட்டாரே. மாடில கன்ட்ரோல் ரூம்ல இருப்பாரு."

"இல்லீங்க, அவர் மெக்கானிக்."

"மெக்கானிக்தான். இப்ப ரெண்டு வருஷமா மேலதான் உக்காந்திருக்காரு. நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்க," என்றாள். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மாடியில் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் நாலைந்து திரைகள். அவர் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் வளைந்த சின்ன மைக். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அவர்கள் குரல் அந்த அறைக்குத்தான் வரும்போலிருக்கிறது. அவர் யாரோ ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆள் கிளம்பிட்டாங்கம்மா, வந்துக்கிட்டே இருக்காங்க. காத்து உள்ள வந்துக்கிட்டுதான் இருக்கும், மூச்சு முட்டாது. கதவைத் தள்ளாதீங்க. முதல்ல கீழ உக்காருங்க... உக்காந்துட்டீங்களா? தனியாவா இருக்கீங்க?... ஓ, பாப்பா இருக்காளா. என்ன வயசு? வீட்ல என்னன்னு கூப்பிடுவீங்க?... பூனைக்குட்டியா? சரி, பூனைக்குட்டியை ஸ்பீக்கர் கிட்ட தூக்கிப் பிடிங்க."

அவர் மியாவ் என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் கடைசியாக எப்போது கேட்டாள்?

"எங்க பொண்ணு சின்னவளா இருக்கறப்ப வாஷிங் மெஷினைப் பாத்தா வீலுன்னு அழுவா. நான் அதுக்குள்ள தலையை விட்டு உள்ள யாரும் இல்லைன்னு காட்டுவேன். அப்புறம் என் தலையைக் காணோம்னு அழுவா... நீங்க சொல்லுங்க, எங்க கிளம்பினீங்க?... அப்படியா. அவர் திட்டுவாரா? திட்ட மாட்டாரு, நான் வேணா பேசறேன்... வெளிய வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

பெரியவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். முதலில் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணமே காது மடல் சூடாகிவிட்டது. யார் எவர் என்று தெரியாத ஒருத்தியிடம் அந்த மனிதர் ஐந்து நிமிஷத்தில் கேட்டதெல்லாம், தன்னிடம் பதினெட்டு வருஷத்தில் கேட்டதை விட அதிகம்.

லிப்டைத் திறந்துவிட்டார்கள் போலும். அவர் "சரிம்மா, சரிம்மா" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துத் திரும்பினார். அவளைப் பார்த்தார்.

"போனை மறந்துட்டீங்க," என்று அவள் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரரிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளோடு கீழே இறங்கி பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார்.

"ரெண்டு வருஷமாமே," என்றாள் அவள்.

அவர் சாலையைப் பார்த்தார். "லிப்டுக்கு மேல ஏறி நின்னு கயிறு பாத்துக்கிட்டிருந்தேன். தலை சுத்திடுச்சு. கூட இருந்தவன் சட்டைக் காலரைப் பிடிக்கலைன்னா கீழ போயிருப்பேன். அதுக்கப்புறம் உள்ள இறங்கினாலே கை நடுங்குது. இங்க மாத்திக் குடுங்கன்னு கேட்டேன்."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சட்டை எப்படிக் கிழிஞ்சதுன்னு கேட்டே. கொக்கியில மாட்டிடுச்சுன்னேன். தைச்சுக் குடுத்தே."

அவளுக்கு அந்தச் சட்டை நினைவிருந்தது. நூல் நிறம் சரியாக அமைந்துவிட்டதே என்று அன்று சந்தோஷப்பட்டதும் நினைவிருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலன்னு கேக்கறேன்."

"உங்க வீட்ல என்னை ஒரு மேடையில ஏத்தி உக்கார வச்சிட்டீங்க. தங்கமான மனுஷன், கல் மாதிரி மனுஷன். இந்த ஆள் கையும் நடுங்கும்னு எப்படிச் சொல்றது? உங்கம்மா நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க. நீ பயந்துடுவே. இருக்கறது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அந்தப் பொம்பளைகிட்ட வெளிய வந்ததும் என்ன பண்ணுவீங்கன்னு கேட்டீங்களே. என்னை என்னிக்காவது அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா?"

"அது வேலை."

"அந்த வேலையை எங்கிட்டயும் கொஞ்சம் பாத்திருக்கலாமே."

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மெதுவா," என்றார் அவர்.

"மெதுவா எல்லாம் பேச முடியாது. மெதுவாப் பேசிப் பேசித்தான் என் புருஷன் என்ன வேலை பாக்கறார்னு கிரீஸ்காரர் சொல்லித் தெரிஞ்சுக்கறேன்."

"நீ மட்டும் என்ன?" என்றார் அவர். குரல் கொஞ்சம் ஏறியது. "உனக்குப் பொறுப்பு குடுத்தது யார் சொல்லி எனக்குத் தெரியும்? உன் தங்கச்சி. தண்ணி குடிக்க வந்தவ கேக்கறா, 'மாமா, அக்காவுக்கு ஒண்ணும் வாங்கிக் குடுக்கலையா'ன்னு. எதுக்குன்னு கேக்கறதுக்கே எனக்கு வெக்கமா இருந்துச்சு. தெரிஞ்சவன் மாதிரி சிரிச்சேன். நான் சிரிச்சேன், தெரியுமா உனக்கு?"

கடைசி வரியை அவர் கத்திவிட்டார். பஸ் வந்து நின்றது, நின்றவர்கள் ஏறினார்கள், பஸ் போய்விட்டது. இருவரும் அதில் ஏறவில்லை. அவர் தன் குரலைத் தானே கேட்டு மிரண்டவர் போல நின்றார். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

வீடு வரைக்கும் நடந்தே வந்தார்கள். வழி முழுக்கச் சண்டை. பெரிய விஷயங்கள் தீர்ந்ததும் சின்ன விஷயங்கள் கிளம்பின. அவள் சொல்லாமலே விளக்கை அணைப்பது, அவர் முகம் துடைக்கிற துண்டில் மேஜையைத் துடைப்பது, யாரோ ஒரு கல்யாணத்தில் அவள் வயிற்று வலியோடு நின்றபோது அவர் பார்க்காமல் போனது, அவர் பார்த்தார் என்பது, பார்த்தும் என்ன செய்வதென்று தெரியாமல் போனார் என்பது. ஒரு கடை வாசலில் நின்று சண்டை போட்டார்கள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் கோபத்தோடே ஒரு சோப்பு வாங்கினார்.

மூன்று மாடியும் பேசிக்கொண்டே ஏறினார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே சின்னவளும் ரேடியோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரிக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அக்காவும் மாமாவும் ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டே உள்ளே வருவதைப் பார்த்துக் கையைக் கழுவாமல் அப்படியே இருந்தார்கள். ரேடியோவுக்குப் பேச்சே வரவில்லை. அவனை அப்படிப் பார்ப்பது குடும்பத்தில் யாருக்கும் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் சின்னவள் அவனோடு கிளம்பினாள். அண்ணன் குடும்பம் இரண்டு மாதம் மட்டும் இருக்கும் என்று முடிவாகியிருந்தது. போகும்போது அக்காவின் கையைப் பிடித்து, "என்னாலதானா?" என்று கேட்டாள்.

"நீ கிளம்பு," என்றாள் பெரியவள். அதில் கோபமும் இருந்தது.

செய்தி பரவ நேரமாகவில்லை. ரேடியோவுக்குச் செய்தி கிடைத்தால் கேட்க வேண்டுமா? வாரக் கடைசியில் அம்மா போனில் வந்தாள்.

"என்னடி, ரோட்ல நின்னு ரெண்டு பேரும் கத்தினீங்களாமே. மாப்பிள்ளையா கத்தினாரு?"

"ரெண்டு பேரும்தான்."

"யார் கண்ணு பட்டுச்சோ. நான் வரட்டுமா?"

"வராதேம்மா. நாங்க இன்னும் முடிக்கல."

முடிக்கவில்லை என்பது உண்மைதான். திறந்ததை மூட இருவருக்கும் தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதம் அந்த வீடு படாத பாடு பட்டது. சண்டை போட்டுப் பழக்கமில்லாததால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல், தேவைக்கு மேல் காயப்படுத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் அவர் மகளின் அறையில் படுத்தார். சில நாள் பழைய அமைதிக்காக அவள் ஏங்கினாள். நிம்மதி என்று தான் நினைத்திருந்தது வெறும் பழக்கம்தான் என்றாலும், அந்தப் பழக்கத்தில் தூக்கம் நன்றாக வந்தது. ஒரு உறவினர் வீட்டில் யாருக்கோ புத்தி சொல்லும்போது வேறொரு தம்பதியை உதாரணம் காட்டினார்கள். பெரியவள் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போனாள். அவள் எதிர்பார்த்ததை விட அது வலித்தது.

மகள் விடுமுறைக்கு வந்தபோது அவர் அவளிடம் லிப்டின் மேல் தலை சுற்றிய கதையைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து பெரியவளும் கேட்டாள். பெரியவளிடம் முன்பு சொல்லாத ஒன்று அதில் இருந்தது. விழப்போன அந்த ஒரு நொடியில் அவருக்கு மகளின் முகமோ மனைவியின் முகமோ நினைவுக்கு வரவில்லையாம், காலையில் வீட்டில் சரியாக மூடாமல் வந்த கேஸ் அடுப்பு நினைவுக்கு வந்ததாம். மகள் சிரித்தாள். பெரியவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வீட்டில் தனியாக இருந்த தன்னை நினைத்துத்தானே அடுப்பு நினைவுக்கு வந்திருக்கும் என்று பட்டது, பிறகு அப்படி நினைப்பதும் தன் ஆசைதானோ என்று தோன்றியது. அன்று மாலை வரைக்கும் அதையே மாற்றி மாற்றி யோசித்துவிட்டு, கடைசியில் அவரிடமே கேட்டாள்.

"தெரியல," என்றார். கொஞ்சம் யோசித்தார். "நீ அன்னிக்கு லீவு போட்டிருந்தே. காய்ச்சல். அதனால இருக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அந்தக் காய்ச்சல் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

சின்னவள் இப்போதும் போன் செய்கிறாள். அண்ணன் குடும்பம் இன்னும் போகவில்லை. இன்னும் இரண்டு தட்டு போய்விட்டது. போன வாரம் ஒரு காலையில், பெரியவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது அழைத்தாள். தன் கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நீ எப்படியிருக்கே? மாமாவோட சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டாள்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு மூச்சு விடும் நேரத்தில் பதில் வந்துவிடும். பெரியவள் தலைவாரும் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நேத்து கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்டி. முந்தாநாள் கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு எனக்கு நேரமாச்சு. உங்க மாமா குளிக்கப் போனவர் இன்னும் வெளிய வரல. உள்ள நின்னுக்கிட்டு ஏதோ கேட்டுக்கிட்டே இருக்காரு, தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் விளங்கல. இரு, என்னன்னு கேட்டுட்டு வரேன்."

போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.